கொருக்குப்பேட்டை கேட்டு வரை போன வண்டி

என் ஆசை மாமாவுக்கு,

உன் அக்கா மகள் மங்கா எழுதுகிறேன். நீ போன பிறகு உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. இத்தனை நாள் எழுதாததற்குத் துக்கம் காரணமில்லை. கோபம். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று அம்மா சொல்வாள். சொல்லிவிட்டு அவளே உன்னைத் திட்டுவாள்.

முதலில் வீட்டுச் சேதி. நீ முகம் பார்க்காத உன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பெயர் கஸ்தூரி. உன்னைப் போலவே இடது கையால்தான் சோற்றைப் பிசைகிறாள், அடித்தாலும் மாற்றிக்கொள்வதில்லை. உன் வாடகை வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உன் தோஸ்து காதர் பாய்தான் ஓட்டுகிறார். கறுப்பாக இருந்ததற்குப் பச்சை அடித்துவிட்டோம். கண்ணாடிக்குக் கீழே உன் போட்டோவை மாட்டி, பாய் தன் கையாலேயே தினம் பூ வைக்கிறார்.

ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அந்தப் பழைய காரை நீ எப்படியெல்லாம் காத்தாய். சாவியே தேவையில்லை, ஆணியை விட்டுத் திருகினாலும் கிளம்பிவிடும் என்று நீயே சிரிப்பாய். அதனால் எங்கே நிறுத்தினாலும் பானெட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். அது இல்லாமல் வண்டி நகராது. ஒருநாள் நான் துணி துவைக்கும்போது அது பையோடு தொட்டியில் விழுந்து, நீ துடித்த துடிப்பு ஞாபகம் இருக்கிறதா?

திருடர்கள் தங்கள் பையில் வேறொரு ரோட்டரைக் கொண்டுவருவார்கள் என்று நீ நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள்?

அன்றைக்குத் தண்டையார்பேட்டையில் கல்யாணச் சவாரி. பெண்ணை இறக்கிவிட்டு நீ பந்தலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாய். பட்டப்பகல். மேளச் சத்தத்தில் வண்டி கிளம்பிய சத்தம் உனக்கு மட்டும் கேட்டிருக்கிறது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி, போகிற வண்டியின் படியில் தாவி ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டாய். அதுவரைதான் கல்யாண வீட்டார் பார்த்தது. சரக்கு ரயிலுக்காகக் கொருக்குப்பேட்டை கேட்டு சாத்தியிருந்ததால் வண்டி அங்கே நின்றது. உள்ளே இருந்த இரண்டு பேரும் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவிட்டார்கள். நீ கதவோரம் கிடந்தாயாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது என்று கேட்டுக்காரர் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசிவரை நீ பிடியை விடவில்லை என்று எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு நெருப்பாக இருந்தது. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. நான் பெரியதா, வண்டி பெரியதா? "தகரத்துக்காக உசுர வுட்டான் என் தம்பி" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். வண்டியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. பிள்ளைக்குச் சோறு வேண்டும். அதுவுமில்லாமல், நீ என்னைவிட மேலாகப் பிடித்துக்கொண்ட பொருள் என் கண்முன்னாலேயே கிடக்கட்டும் என்று ஒரு வீம்பு.

அதன் பிறகு வண்டியை நான் காத்த மாதிரி நீ காத்திருக்க மாட்டாய், மாமா. ஸ்டியரிங்கையும் பிரேக் மிதியையும் சேர்த்துக் கட்ட, நம் காசிமேட்டுப் படகுப் பட்டறையில் சொல்லி நங்கூரச் சங்கிலி வாங்கினேன். பெட்ரோலை அடைக்கிற குழாய் ஒன்றை சீட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வைக்கச் செய்தேன். முன்னால் செருகிச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை, பாய் எப்போது இறங்கினாலும் வீட்டுக்குள் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம். பாய் எதிர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் டிரைவர் சீட்டில் ஒருவன். முன் கண்ணாடிச் சந்தில் கம்பியை விட்டுக் கதவைத் திறந்திருக்கிறான். சங்கிலியை அறுக்க வாள் கொண்டுவந்திருந்தான், ஆனால் அறுக்கவில்லை. கல்லாக உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கத்தவில்லை. உள்ளே போய் ஹேண்டிலை எடுத்துவந்து, கதவில் கிடந்த அவன் கைமேல் ஓங்கி ஒரே போடு போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதும் சந்தோஷமாக இருந்தது, மாமா. உன்னிடம் பொய் சொல்வானேன்?

அவன் அலறலில் தெருவே கூடிவிட்டது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் துடுப்போடு வந்தார்கள். தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். முறிந்த கையை மார்போடு சேர்த்துப் பிடித்து அழுதுகொண்டே அவன் மற்ற கையால் வண்டிக்குள் காட்டினான்.

"அந்தப் படத்துல கீறவரு. அவர நான் பாத்திருக்கேன்."

காதர் பாய் சோற்றுக் கையோடு குனிந்தார். "எங்கடா பாத்தே?"

"கொருக்குப்பேட்ட கேட்டாண்ட. இது அந்த வண்டினு தெரியாது சாமி. பச்சையா கீது. அன்னிக்கு நான்தான் ஓட்டினேன்."

அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. துடுப்பின் பட்டை அவன் முதுகில் விழுந்தது. பாய் கழுத்தைப் பிடித்துத் தலையை மட்கார்டில் மோதினார். மோதினார், மறுபடியும் மோதினார். பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. நானும் அடித்தேன். கால் முட்டியில் அடித்தேன். அடுத்தது மண்டையில் என்று ஹேண்டிலைத் தூக்கியபோது அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு சொன்னான்:

"அவரு வுட்டுட்டாரு அக்கா. கைய வுட்டுட்டாரு."

"இன்னா சொன்னே?"

"சட்டக் கை கதவுக் கைப்பிடில மாட்டிகிச்சு. வண்டி உனக்கே, எட்துக்கினு போ, நிறுத்துடா, பொண்டாட்டி மாசமா கீறாடானு கத்துனாரு. நிறுத்துனா ஜனம் புட்சிக்கும்னு பயந்துட்டேன். இன்னும் அழுத்தி மிதிச்சேன்."

ஆஸ்பத்திரியில் உன் காக்கிச் சட்டையை என்னிடம் கொடுத்தார்கள். அதன் வலது கைத் துணி தோளோடு கிழிந்து இல்லாமல் இருந்தது. ரோட்டில் தேய்ந்து போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் மாசமாக இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும், நீ சொல்லாமல்?

அரிவாள்மணையோடு ஓடிவந்த அம்மா அதைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தாள்.

பாய்க்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. துடுப்பைப் பிடுங்கி ஓங்கிவிட்டார். நான் குறுக்கே நின்றேன்.

"நகரு தங்கச்சி. இவன உசுரோட வுடக் கூடாது."

"வாணாம் பாய். இவன் வாய் எனக்கு வேணும்."

அவர் என்னைத் தள்ளினார். நான் அவர் தோளில் ஹேண்டிலால் அடித்தேன். நம் வீட்டுக்குச் சோறு போடுகிற தோளில். துடுப்பு கீழே விழுந்தது. இன்னொருவர் முன்னால் வந்தார். அவர் கால்மேலும் வீசினேன். என் தெருக்காரர்கள் என்னைப் பேய் பிடித்தவளாகப் பார்த்தார்கள். என் காலுக்கு நடுவே அவன் சுருண்டு கிடந்தான். இரக்கத்தால் காப்பாற்றினேன் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். இரக்கம் கிரக்கம் ஒன்றுமில்லை. நீ கையை விட்டதைப் பார்த்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அவன் செத்தால் அந்தச் சேதியும் சேர்ந்து செத்துவிடும்.

போலீஸ் வரும்வரை நான் அசையவில்லை. அவன் பெயர் டில்லி. கோர்ட்டில் கட்டுப்போட்ட கையோடு நின்று அதே வார்த்தைகளைச் சொன்னான். அம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். கூட இருந்த இன்னொருவன் பம்பாய்ப் பக்கம் ஓடிவிட்டானாம்.

பாய் வலது கையைத் தூக்கும்போது இன்னும் முகத்தைச் சுளிக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ அட்ச்சது சரி, நான் கொன்னுட்டு உள்ள போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். சங்கிலி இன்னும் போடுகிறோம், சீட்டுக்கு அடியில் குழாயை அடைக்கிறோம். அதையும் மீறி எவனாவது கிளப்பிவிட்டால் கிட்டேகூடப் போகக் கூடாது என்று பாயிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கொஞ்ச தூரத்தில் நீ என் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாயா? அவனிடம் கேட்க வாய் வரவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன்.

நேற்று கஸ்தூரி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "எங்கப்பா காருக்காகச் செத்தாராம்மா?" என்றாள். மீன் வாடையோடு அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். "இல்லடி. காரு போனா போவுதுன்னு வுட்டுட்டு நம்மகிட்ட வரத்தான் பாத்தாரு" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். அவள் மறுபடியும் கேட்பாள், பெரியவளாகியும் கேட்பாள். எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன், மாமா. காசிமேட்டில் வேறு மாதிரி பேசுகிற ஒவ்வொரு வாயிடமும் போய்ச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

கோபம் தீர்ந்த
உன் அக்கா மகள், உன் பெண்சாதி,
மங்கா