கரையில் சில மாற்றங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். எங்க யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா உறையில என் கையெழுத்தைப் பாத்ததுமே நீ பயந்து போனை எடுத்துடுவ. வாரா வாரம் போன்ல பேசறவ எதுக்குக் கடிதம் எழுதறான்னு நினைப்ப. போன்ல சொன்னா நடுவுலயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பிச்சுடுவ, நானும் அதைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை முழுங்கிடுவேன், அதுக்குத்தான் தாளும் பேனாவும். அங்க குளிர் குறைஞ்சிருக்கும்னு நம்பறேன். மாப்பிள்ளையோட இருமல் விட்டுச்சா? இங்க அப்பாவுக்கு முட்டிவலி இருக்கு, ஆனாலும் படகுப் பட்டறைக்குப் போறதை நிறுத்தல, நாற்காலி போட்டு உக்காந்து வேலை வாங்குங்கன்னு முதலாளி சொன்னா அந்த நாற்காலிக்கே கால் சரியில்லன்னு கழட்டிப் போட்டு ரிப்பேர் பண்றார். பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப எல்லாம் தெளிவாத் தெரியுதாம், நம்ம வீட்டு அலமாரி மேல இருக்கற தூசி உட்பட.

சரி, இப்படியே சுத்தி வளைச்சுக்கிட்டிருந்தா தாள் தீந்துடும். நீ வேற யார் வாயிலயாவது கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லணும். நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன் கண்ணு. நேத்து முந்தாநாள் பண்ணினது இல்ல, பதினோரு வருஷம் ஆச்சு. நம்ம துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டின சமயம் உனக்கு ஞாபகம் இருக்கும், அப்ப நீ ஸ்கூல் கடைசி வருஷம். கடலுக்குள்ள நீளமாக் கல்லைக் கொட்டினா பக்கத்து நாட்டுக் கரைக்கும் அதோட பாதிப்பு போகும்கறதால ரெண்டு பக்கமும் சேந்து ஒரு கூட்டுக்குழு போட்டாங்க, அடுத்த பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு ரெண்டு கரையும் சேந்து என்னென்ன செய்யணும்னு திட்டம் எழுத. அதுக்கு மொழிபெயர்ப்பும் நான்தான், கூட்டக் குறிப்பு எழுதறதும் நான்தான். அவங்க பாஷை தெரிஞ்ச ஒரே ஆள் நம்ம ஆபீஸ்ல நான் மட்டும்தான்னு எனக்குள்ள ஒரு பெருமை, தலை கொஞ்சம் கனமாத்தான் இருந்துது.

கையெழுத்தாக வேண்டிய அன்னிக்கு டீ இடைவேளையில நம்ம தரப்புத் தலைவர் என்னை ஜன்னல் பக்கமாக் கூப்பிட்டார். அவங்க மீனவர் சங்கத்துப் பெரியவர் அடுத்துப் பேசப் போறார்மா, மனுஷன் கொஞ்சம் காரமாப் பேசுவார், நீங்க பாத்துப் பக்குவமாச் சொல்லுங்க, இன்னிக்கு முடிஞ்சாகணும்னார். மிரட்டல, எதுவும் தர்றேன்னு ஆசை காட்டவும் இல்ல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். பெரியவர் எழுந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடியில ஒரு பக்கம் விரிசல். மேஜைமேல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு நிதானமாப் பேசினார். இந்தச் சுவர் வந்தா மணல் உங்க பக்கமே நின்னுடும், எங்க பக்கம் வராது, பத்து வருஷத்துல எங்க கரை போயிடும், என் வீடு போனா போகுது, பள்ளிக்கூடத்தை நினைச்சுப் பாருங்க, நான் இதுக்குச் சம்மதிக்கலைன்னார். ஒவ்வொரு வார்த்தையையும் என் குறிப்பு நோட்டுல எழுதினேன். எழுதிட்டு நிமிந்து நம்ம ஆளுங்களைப் பாத்து நான் சொன்னது என்ன தெரியுமா, கரையில் சில மாற்றங்கள் ஏற்படலாம், அதையும் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று பெரியவர் கருதுகிறார்னு. அவ்வளவுதான். அவர் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தார், நம்ம பாஷை அவருக்குத் தெரியாது, நான் சரியாச் சொல்லிட்டேன்னு நினைச்சு எனக்குத் தலையாட்டி நன்றி சொல்லிட்டு உக்காந்தார்.

கூட்டக் குறிப்புலயும் அதையேதான் எழுதினேன். குறிப்பு அப்ப நம்ம மொழியில மட்டும்தான். அவங்க தரப்பு அதிகாரிங்க ரெண்டு பேருக்கும் பெரியவர் பேசினது நல்லாவே புரிஞ்சுது, ஆனா அவங்களுக்கும் அன்னிக்கே முடியணும், தாளைப் புரட்டிக்கூடப் பாக்காமக் கையெழுத்துப் போட்டாங்க. தலைவர் என்னைப் பாராட்டினார். எனக்கு யாரும் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கல கண்ணு, சில மாற்றங்கள்ங்கறதைத் தேடிக் கண்டுபிடிச்சது நானேதான், அதுலதான் எனக்கு இன்னிக்கும் உடம்பு கூசுது. வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாம அப்பாகிட்டயும் உன்கிட்டயும் பெருமையாச் சொன்னேன், ஒரு பெரிய சண்டையை ஒத்தை வார்த்தையில அணைச்சுட்டேன்னு. நீ கை தட்டின. அப்புறம் நீ இதே தொழிலுக்குப் போனப்ப, விண்ணப்பத்துல எங்க அம்மாவைப் பாத்துத்தான் வர்றேன்னு எழுதினதாச் சொன்ன, நான் அதைத் தெரு முழுக்கச் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவுல நின்னு பேசற வேலையில சேந்தப்ப நான் உனக்கு என்ன புத்தி சொன்னேன்? கசப்பான விஷயத்தைச் சக்கரை தடவிக் கொடு, பேசறவங்களை விட நீ ஒரு படி சாமர்த்தியமா இருன்னு. என் தப்பையே உனக்குத் தொழில் ரகசியம்னு கொடுத்து அனுப்பியிருக்கேன். அதைத் தூக்கிப் போட்டுடு. டாக்டர் என்ன சொல்றாரோ அதைச் சொல்லு, அந்த ஜனங்க என்ன கத்தறாங்களோ அதையும் சொல்லு. குரல்ல கனிவு இருக்கலாம், வார்த்தையில கை வைக்காத.

சுவர் கட்டினாங்க. நம்ம பக்கம் மணல் சேந்து சேந்து, காலையில அப்பாவும் நானும் நடக்கற அந்த அகலமான கரை உண்டாச்சு. அது எங்கேருந்து வந்த மணல்னு ஒரு நாளாவது நான் யோசிச்சிருக்கணும், யோசிக்கல, இல்லேன்னா யோசிக்க இஷ்டமில்லன்னு வெச்சுக்கோ. அந்தப் பக்கம் ஏழாவது வருஷமே கடல் தெருவுக்குள்ள வந்துடுச்சாம். எனக்கு அரசல்புரசலாத் தெரியும். அவங்க பாஷைப் பேப்பர் ஆபீசுக்கு வரும், நான் அந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுடுவேன்.

இந்த வருஷம் திட்டத்தைப் புதுசா எழுதறாங்க, இந்தத் தடவை முப்பது வருஷத்துக்கு. தெற்கே இருக்கற மூணாவது கரையும் சேந்துக்கிச்சு. புயல் எச்சரிக்கை மூணு பேருக்கும் ஒரே நேரத்துல போகணும், யார் படகு கவிழ்ந்தாலும் பக்கத்துல இருக்கறவங்க போய்த் தூக்கணும், மீன் குஞ்சு பொரிக்கற மாசத்துல மூணு கரையிலயும் வலையை நிறுத்தணும், எல்லாம் நல்ல விஷயம்தான். ரெண்டாவது கூட்டத்துல அவங்க பக்கத்து இன்ஜினியர் எழுந்தா, உன்னை விட நாலஞ்சு வயசு மூத்தவளா இருப்பா. முதல்ல மணலைப் பத்திப் பேசிட்டுத்தான் மத்ததுன்னா. நம்ம புது அதிகாரி பழைய ஃபைலைத் திறந்து என் குறிப்பைத் தூக்கிக் காட்டி, அன்னிக்கு உங்க தரப்புல யாரும் எதிர்ப்பே தெரிவிக்கலையே, இதோ பாருங்கன்னார். அதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியது யாரு? நான். சொன்னேன். அவ அந்தத் தாளையே பாத்தா. அப்புறம் சொன்னா, அன்னிக்குப் பேசினவர் என் அப்பா, சொல்லிட்டு வந்துட்டேன்னுதான் வீட்ல சொன்னார், ஆனா உங்க குறிப்பை எங்க ஊர்ல மொழிபெயர்த்து ஒட்டினப்ப அதுல ஒண்ணுமே இல்ல, அங்க போய் வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டு வந்துட்டான், விலை போயிட்டான்னு ஊரே பேசிச்சு, சங்கத்துலேருந்து எடுத்துட்டாங்க, இத்தனை வருஷமா அவரை யாரும் நம்பல, நானும் நம்பலைன்னா. அதையும் நான் நம்ம ஆளுங்களுக்குச் சொன்னேன். இந்தத் தடவை ஒரு எழுத்து மாத்தல. ஆனா அந்தக் குறிப்பு பொய், அதை எழுதினவ நான்தான்னு அங்கயே சொல்லியிருக்கணும் இல்லையா, சொல்லல. தண்ணி குடிச்சேன், அடுத்த விஷயத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்துல அவ என் பக்கத்துல வந்து, நீங்க எங்க பாஷையை எவ்வளவு அழகாப் பேசறீங்கன்னு வேற சொல்லிட்டுப் போனா.

மூணு நாள் வாயைத் திறக்கல. நாலாவது நாள் அப்பா சமையலறைக் குழாயைக் கழட்டிக்கிட்டிருந்தப்ப சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு, அன்னிக்கு நீ சொன்னப்ப நானும்தானே சிரிச்சேன், அந்த ஆளு நிஜமா என்ன சொன்னார்னு நான் கேக்கவே இல்லையேன்னார். பழைய நோட்டை எங்க வெச்சிருக்கன்னு கேட்டார். பரண்ல இருந்த பெட்டிங்களை எல்லாம் அவரே ஏறி இறக்கினார், அந்த முட்டியை வெச்சுக்கிட்டு. நோட்டு கிடைச்சுது. தேதியோட, என் கையெழுத்துல, அந்தப் பெரியவர் சொன்னது சொன்னபடி. அது கிடைக்காமப் போயிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், உன்கிட்ட ஏன் மறைக்கணும்.

அதிகாரிகிட்ட கொண்டு போனேன். உங்களுக்கு ரிட்டையராக எட்டு மாசம்தான் இருக்கு, எதுக்கும்மா ஆறினதைக் கிளறறீங்க, நோட்டை இங்கயே வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்னார். அவர் பாத்துக்கற லட்சணம் எனக்குத் தெரியும், அதனால கொடுக்கல. அடுத்த கூட்டத்துல எல்லாரும் உக்காந்ததும் நான் மொழிபெயர்ப்பு நாற்காலியிலேருந்து எழுந்து, இப்ப யாரோட பேச்சையும் சொல்லல, என் பேச்சைச் சொல்றேன்னு ரெண்டு பாஷையிலயும் சொல்லி, நோட்டைப் படிச்சேன். படிச்சு முடிச்சப்ப நம்ம ஆளுங்க தாளைப் பாத்துக்கிட்டிருந்தாங்க, அந்தப் பொண்ணு மட்டும் என்னைப் பாத்துக்கிட்டிருந்தா. எழுந்து வெளிய போயிட்டா. கதவுக்கு அந்தப் பக்கம் அவ போன்ல அப்பா அப்பான்னு சொல்றது மட்டும் கேட்டுது.

என்னை அந்த வேலையிலேருந்து எடுத்து, கீழ்த்தளத்துல பதிவேட்டு அறையில போட்டிருக்காங்க, விசாரணை நடக்குது, என்ன முடிவு வரும்னு தெரியல. சித்தப்பா போன் பண்ணி, குடும்பத்துப் பேரைக் கெடுத்துட்டீங்களே அண்ணின்னார். கெட்டது இப்ப இல்லப்பான்னேன். திட்டம் ரெண்டு மாசம் அப்படியே நின்னுது, என்னாலதான்னு எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. அப்புறம் மூணாவது கரையிலேருந்து வந்த அம்மா ஒருத்தங்க பேசிப் பேசி நகத்தினாங்க. இப்ப முதல் பக்கத்துலயே வந்திருக்கு, சுவர்கிட்ட தேங்கற மணலை வருஷா வருஷம் நம்ம செலவுல அள்ளி அவங்க கரையில கொட்டணும், கரையை மூணு பக்கத்து ஆளும் சேந்து அளக்கணும், கூட்டக் குறிப்பு மூணு மொழியிலயும் வரணும், பேசினவங்க தங்க பாஷையில படிச்சுப் பாத்த பிறகுதான் கையெழுத்து. போன கரை இதால திரும்பி வராது. இருக்கறது நிக்கலாம்.

போன மாசம் அந்தப் பொண்ணு ஆபீசுக்கு எழுதியிருந்தா, அப்பா உங்களை வரச் சொல்றார்னு. படகுல ரெண்டு மணி நேரம். உன் அப்பாவும் வர்றேன்னார், நான்தான் வேண்டாம்னேன், இதுக்குத் துணை வெச்சுக்கிட்டுப் போகக் கூடாதுன்னு தோணிச்சு. அவ துறையிலேயே நின்னிருந்தா, சிரிக்கல, முகத்தைத் திருப்பிக்கவும் இல்ல. கரையோரமா நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனா. தெரு பாதியில வெட்டின மாதிரி நிக்குது, அதுக்கப்புறம் தண்ணி. பள்ளிக்கூடத்தோட படிக்கட்டு மட்டும் நாலு படி அலைக்குள்ள தெரிஞ்சுது. இதுதான்னா.

அவர் வீட்டுக்குப் போறோம்னு நினைச்சேன், போனது மீனவர் சங்கக் கூடத்துக்கு. நாப்பது அம்பது பேர் இருந்தாங்க. பெரியவர் முன்வரிசையில தனியா உக்காந்திருந்தார், ரெண்டு பக்கமும் நாற்காலி காலி. ரொம்ப இளைச்சுட்டார். நான் கை கூப்பி மன்னிப்புன்னு ஆரம்பிச்சேன். அது அப்புறம், முதல்ல படிங்கன்னார். நோட்டைப் பிரிச்சு அவர் பாஷையில, அவர் அன்னிக்குச் சொன்னபடியே படிச்சேன். அப்புறம் அதை நான் எப்படி மாத்திச் சொன்னேன்கறதையும் சொன்னேன். யாராவது எழுந்து என்னைத் திட்ட மாட்டாங்களான்னு இருந்துது, திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். பெரியவர் திரும்பிப் பின்வரிசையைப் பாத்தார், அப்புறம் என்னைப் பாத்து, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை படிங்கன்னார். சத்தமாப் படிச்சேன். நான் சம்மதிக்கலைங்கற இடம் வந்தப்ப பின்னாடியிருந்து அவர் வயசு ஆள் ஒருத்தர் எழுந்து மெதுவா நடந்து வந்தார். பெரியவர் பக்கத்து நாற்காலியில உக்காந்தார். பெரியவர் அவரைப் பாக்கல, முழங்கால்மேல இருந்த ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்து, மேல படிங்கன்னார்.

இதைப் படிச்சுட்டு உனக்குக் கோபம் வந்தா வரட்டும், அவசரமா அடக்கிக்காத. பேசத் தோணும்போது பேசு, தோணலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். அப்பாவோட ஆசீர்வாதமும் என்னோடதும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்னைக்கும் உண்டு, நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம, நிம்மதியாத் தூங்கி எந்திரிக்கணும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, வெறும் வயித்துல போட்டுட்டுத் தலை சுத்துதுன்னு சொல்லாத.

உன்கிட்ட மறைக்க இனி ஒண்ணும் இல்லாத,
அம்மா