கோடு போட்ட கண்ணாடி

இன்னும் கோபம் தீராத என் வீட்டுக்காரிக்கு,

உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நம் கண்ணாடிக் கடையைக் கூட்டிவிட்டேன். நாலு சாக்கு உடைசல். சுத்தியலை உன் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அது இனி உன் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.

கண்ணாடியில் கட்டரால் கோடு போட்டால் உடனே ஒடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அது தன் இஷ்டத்துக்கு உடையும். இருபது வருடமாக நீயும் பார்க்கிறாய். அந்த டாக்டர் என் நெஞ்சில் கோட்டைப் போட்டுவிட்டு, "புற்றுநோய் பரவியிருக்கா இல்லையான்னு பத்து நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்" என்று எழுந்து போய்விட்டார்.

கடைக்கு வந்தால் நீ, "ஒண்ணும் இருக்காதுங்க" என்றாய். உனக்கு என்னடி தெரியும் என்று பற்றிக்கொண்டு வந்தது. முதல் அடி ஜன்னல் கண்ணாடிக்கு. அப்புறம் அலமாரிக் கதவுகள். அப்புறம் யாரோ ஆர்டர் கொடுத்த ஆளுயரக் கண்ணாடி. அதில் தெரிந்த என் மூஞ்சியை மூன்று தடவை அடித்தேன். அப்போதுதான் நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய்.

"நானே இடறி விழுந்துட்டேம்மா" என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். நீ இடறவில்லை. நான் தள்ளினேன். நீ என்று தெரிந்தேதான் சில்லுகள்மேல் தள்ளினேன்.

வியாழக்கிழமை எனக்கு ரிசல்ட். அன்றைக்கே அதே ஆஸ்பத்திரியில் உனக்குத் தையல் பிரிக்கிறார்களாம். பெஞ்சின் அந்தக் கோடியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நீ என்னைப் பார்க்கக்கூட வேண்டாம். என் பெயரைக் கூப்பிடும்வரை எழுந்து போகாமல் இரு, போதும்.

உன் பத்தொன்பது தையலுக்குக் காரணமானவன்