மூன்றாவதில் நிற்காத கியர்

27 பிப்ரவரி 1961, திங்கள்

இல்லை, சத்தம் மட்டும் என்றால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். சத்தம் பழகிவிட்டது. மூன்றாவது கியரில் நிற்க மாட்டேன் என்கிறதே, அதுதான். போட்ட கியர் தானாக நழுவி நடுவுக்கு வந்துவிடுகிறது. எஞ்சின் வெறுமனே அலறும், கார் சோரும், பின்னால் வரும் லோரி ஹார்ன் அடிக்கும்.

காலையில் தூறல். புக்கிட் தீமா சாலை முழுக்க ஈரம். கண்ணாடி துடைப்பான் பாதி வேலை.

வழக்கம் போல அப்பா இடப்பக்கம். நான் "மூணு" என்பேன். போட்டு முடித்ததும் அவர் வலது கையால் கியர் தண்டைப் பிடித்துக்கொள்வார். "பிடிச்சிட்டேன்." நான்காவதுக்கு மாற்றும்போது "விடுங்க". விடுவார். செராங்கூன் சாலையிலிருந்து சுவா சூ காங் பள்ளி வரை பதினான்கு மைல். எத்தனை முறை என்று ஒரு நாள் எண்ணத் தொடங்கினேன். புக்கிட் பாஞ்சாங்கில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

வேறு பேச்சு இல்லை. மூணு, பிடிச்சிட்டேன், விடுங்க. ஒரு நாளில் எங்களுக்குள் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இதுவே.

போன ஜூலையில் கியர் நழுவுகிறது என்று சாப்பிடும்போது சொன்னேன். சும்மா சொன்னது. மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, காரில் உட்கார்ந்திருந்தார். அம்மா போன பிறகு அவர் தலை வாரி அன்றுதான் பார்த்தேன். முப்பது வருடம் துறைமுகக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதியவர். கார் ஓட்டத் தெரியாது. பிடிக்கத் தெரியும்.

நான் வகுப்பில் இருக்கும்வரை எதிரே கோப்பிக்கடையில். கடைக்காரக் கிழவரோடு டாம் ஆட்டம், கட்டம் போட்ட பலகையில் காய் வைத்து, பாதி மலாயில் சண்டை. ஒரு மணிக்கு மறுபடி காரில்.

பக்கத்து வீட்டுத் தனம் அக்கா இன்று வாசலில் நின்று சிரித்தார். "பொண்ணு ஓட்ட, அப்பா கியரப் பிடிக்க, சர்க்கஸ்தான் போங்க டீச்சர். டிக்கெட் போட்டா நானும் வரேன்."

அப்பாவும் சிரித்தார். அதனால் நான் கோபப்படவில்லை.

1 மார்ச், புதன்

ஒன்பதாவது மைலுக்கு அருகே மேட்டில் கியர் நழுவியது. அப்பாவின் கை அதன் மேல் இருந்தபோதே.

கார் நின்றுவிடுவது போல் ஆனது. பின்னால் பன்றிக் கூடைகள் அடுக்கிய லோரி. ஒரு முழம் இடைவெளியில் வளைந்து போனது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி ஹொக்கியென் சீனத்தில் ஏதோ கத்தினார். அம்மாவை இழுத்துத் திட்டியது என்பது மட்டும் புரிந்தது.

"கை வேர்த்துப் போச்சும்மா" என்றார் அப்பா.

வேர்க்கவில்லை. காய்ந்த கை. பெருவிரல் மடங்கவில்லை, அதைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் சதை குழிந்திருக்கிறது. எத்தனை நாளாக? எட்டு மாதம் அந்தக் கை என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்திருக்கிறது. நான் சாலையைப் பார்த்தேன்.

பள்ளியில் ஆறு வகுப்பு. என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

2 மார்ச், வியாழன்

அரை நாள் விடுப்பு. ஆஸ்பத்திரி. கடும் வெயில். பெஞ்சில் இரண்டரை மணி நேரம்.

டாக்டர் இளைஞர். அப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டினார், ஊசியால் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: நரம்பு. மருந்து இல்லை. முதலில் இந்தக் கை, பிறகு மற்றது, பிறகு மற்றவை. அவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அப்பா ஆங்கிலத்திலேயே கேட்டார், எத்தனை மாதம் என்று. தெளிவான ஆங்கிலம், கிடங்குக்கு வரும் கப்பல் அதிகாரிகளிடம் பேசுவது.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கை இரண்டு மூன்று மாதம், கூடக் குறைய இருக்கலாம் என்றார். மன்னிப்பும் கேட்டார். "பரவால்ல தம்பி" என்று தமிழில் சொல்லிவிட்டு அப்பா எழுந்தார். டாக்டர் சீனர். புரிந்திருக்காது.

திரும்பும்போது "மூணு" என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம், பிறர் நூல்களில் விரக்தி என்ற சொல் வரும் இடமெல்லாம் அடிக்கோடு போட்டேன். எல்லாம் காகிதத்தோடு சரி.

4 மார்ச், சனி

தேக்கா சந்தையில் மீன், வெண்டை, வெற்றிலை. பிறகு காதர் பாய் ஒர்க்‌ஷாப், ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின் சந்து. அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். கியரை நானே ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

பாய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இத எப்படி டீச்சர் இத்தன நாளு ஓட்டுனீங்க?"

"அப்பா பிடிச்சுக்குவாரு."

"யாரு, பெரியவரா? மலையேறும்போதுமா?" தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு வழி இருக்கு. இந்தக் கியர் பெட்டியவே பிரிச்சு, தேஞ்ச பல்லு, பேரிங் எல்லாம் புதுசு போட்டுக் கட்டலாம். சாமான் கப்பல்ல வரணும், மூணு வாரம் ஆகும். கட்டிட்டா நான் கேரண்டி. ஜென்மத்துக்கும் நழுவாது. இல்லையா, சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில ஒடைச்ச காரோட பெட்டி ஒண்ணு கெடக்கு, தூக்கி மாட்டிடலாம். ரெண்டு நாள் வேல."

"அது எப்படி?"

"கையால சுத்திப் பாத்தேன், சுத்துது. செத்தவன் பல்லு வரிசையாத்தான் இருக்கும் டீச்சர். உசுரோட இருந்தப்ப எப்படிக் கடிச்சான்னு யாரு கண்டா? அதுவும் மூணாவதுல நழுவலாம், நழுவாமயும் போலாம். மாட்டுனாத்தான் தெரியும் லா."

செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே காசின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க வழியில்லை.

5 மார்ச், ஞாயிறு

மேகமூட்டம். துணி காயவில்லை.

பிரித்துக் கட்டினால்:
நழுவாது.
மூன்று வாரம் பஸ். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், மூன்று பஸ். அப்பாவால் முடியாது.
மூன்று வாரத்தில் கை?

வேறு பெட்டி என்றால்:
இரண்டு நாள்.
மற்றது தெரியாது.

இப்படியே விட்டால்:
ஒன்பதாவது மைல்.

அப்பாவிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன், கையைப் பற்றிய வரியை விட்டுவிட்டு.

"ஓடுறத எதுக்கும்மா பிரிக்கணும்?" என்றார். "நான்தான் இருக்கேன்ல."

"புதன்கிழமை லோரி இடிச்சிருக்கும்ப்பா."

"இடிக்கலையே."

"அடுத்த தடவ?"

அப்பா சட்டைப் பித்தானை இடது கையால் போட முயன்றுகொண்டிருந்தார். உதவிக்குப் போனேன். விலகிக்கொண்டார். பித்தான் போட நாலு நிமிடம். நானும் நாளிதழைப் படிப்பதாகப் பாவனை, நாலு நிமிடம்.

தேய்ந்த பெட்டி, தேயும் கை. இதை எதற்கும் உவமையாக்கக் கூடாது. கை கைதான். பெட்டி பெட்டிதான். எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க.

7 மார்ச், செவ்வாய்

நேற்றும் இன்றும் மூன்றாவதைத் தொடவேயில்லை. இரண்டாவதிலேயே உருட்டினேன். பள்ளிக்குத் தாமதம், தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா பக்கத்தில், கை மடியில். போக வர இருபத்தெட்டு மைல்.

பள்ளி விட்டு அப்பாவை வீட்டில் இறக்கிவிட்டு பாயிடம் போனேன், பிரித்துக் கட்டச் சொல்வதற்கு. சொல்லத்தான் போனேன்.

அவர் முந்திக்கொண்டார். "நேத்து சாயங்காலம் உங்கப்பா வந்தாரு டீச்சர்."

"இங்கயா? எப்படி?"

"நடந்துதான். வேர்த்துக் கொட்டுது. தண்ணி குடுத்தேன், ரெண்டு கையாலயும் வாங்குனாரு. ரெண்டு பெட்டியப் பத்தியும் வெவரமா கேட்டாரு, நானும் சொன்னேன். கடைசில ஒண்ணு கேட்டாரு பாருங்க." எண்ணெய்த் துணியைக் கையில் சுருட்டினார். "எது நழுவும்னு கேட்டாரு. இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். நழுவாதது எதுன்னு கேட்டுத்தான் வருவாங்க. எது நழுவும்னு ஒருத்தரு கேட்டு நான் பாத்ததில்ல. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சுங்கை ரோட்டுப் பெட்டி நழுவுனாலும் நழுவும்னேன். அப்படின்னா அதையே மாட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பெரியவருக்கு ஏதும் தலையில கோளாறா டீச்சர்? தப்பா நெனைக்காதீங்க."

இல்லை என்றேன். நாளை சொல்கிறேன் என்றேன். காரை எடுக்கும்போது இரண்டு தடவை அணைந்துவிட்டது.

8 மார்ச், புதன்

நினைத்தவை, வரிசையில்லாமல்.

கொஞ்சமாக நழுவலாம். பிடித்தால் நிற்கிற அளவுக்கு. பலமில்லாத கை பிடித்தாலும் நிற்கிற அளவுக்கு.

இரண்டு மாதம். மூன்றென்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு பிரித்துக் கட்டிக்கொள்ளலாம். அதன் பிறகு என்பது என்ன என்று யோசிக்கவில்லை.

பின்னால் வரும் லோரிக்காரனை நான் கேட்கவில்லை. அவனுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

படித்த பெண் செய்யும் காரியமா? அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான். பதில் சொல்ல வேண்டியவளும் நானே. சொல்லவில்லை.

மத்தியானம் பாயிடம் காரை விட்டேன்.

"அந்த சுங்கை ரோட்டுப் பெட்டியவே மாட்டுங்க."

"நிச்சயமா டீச்சர்? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா என் பொண்ணு ஓட்டுற காருன்னா பிரிச்சுத்தான் கட்டுவேன்."

"மாட்டுங்க பாய்."

"பெரியவரு சொன்னதாலயா?"

"இல்ல. நான் சொல்றேன்."

அப்பாவிடம் சொன்னேன். "ஓ" என்றார். பிறகு, நான் சமையலறைக்குப் போன பிறகு, "எப்ப வரும்?" என்று கேட்டார். குரலில் அவசரம். குழந்தைகளுக்கு வரும் அவசரம்.

11 மார்ச், சனி

இரண்டு நாள் பஸ்ஸில். நேற்று வீடு வரும்போது நாலரை. அப்பா சாப்பிடாமல் இருந்தார்.

கார் வந்துவிட்டது. பாய் வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தெருவுக்குள் மட்டும், மூன்றாவது போட இடமில்லை என்றார்.

அப்பா காரைச் சுற்றி வந்தார். தனம் அக்கா மாடியிலிருந்து, "என்னங்க, சர்க்கஸ் மறுபடியும் தொடங்கியாச்சா?"

"திங்கக்கெழம காலையில. வந்துடுங்க" என்றார் அப்பா.

அவர் கேலிக்குக் கேலி பேசி ஒன்றரை வருடம்.

13 மார்ச், திங்கள்

வெயில். காய்ந்த சாலை. வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பித்தான்களை நான் போட்டேன், விட்டார்.

நியூட்டன் சந்திப்பைத் தாண்டியதும் "மூணு" என்றேன்.

"பிடிச்சிட்டேன்."

கை மேலே இருந்தது. பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. வைத்திருந்தார்.

நழுவவில்லை. மேடு, இறக்கம், வளைவு. சத்தம்கூட இல்லை. ஆறாவது மைலில் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கை தண்டுக்கு ஓர் அங்குலம் மேலே, பிடிக்கத் தயாராக. நான் பார்க்காமல் பார்த்தேன். ஏழாவது மைல். எட்டு. அந்த மேடு. இப்போதாவது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். நழுவு, நழுவித் தொலை.

மேடு முடிந்து இறங்கும்போது வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். எங்கள் முந்தைய பெட்டி அப்படி எடுத்தால் தப்பாமல் நழுவும். மறுபடி அழுத்தி மறுபடி எடுத்தேன். கார் குலுங்கியது. கியர் அசையவில்லை.

"ஏம்மா காலை எடுக்கிற?" என்றார். "நல்லாத்தானே போகுது."

அதன் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். அதன் மேல் இடது கை.

புக்கிட் பாஞ்சாங் வந்ததும் சொன்னார்: "நல்ல பெட்டி. காதர் ஏமாத்தல."

பத்து மணி இடைவேளையில் ஜன்னல் வழியே பார்த்தேன். கோப்பிக்கடைக் கிழவர் டாம் பலகையை விரித்து வைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா காருக்குள். கண்ணாடியை இறக்கிவிடாமல், அந்த வெயிலில். வகுப்பை விட்டு ஓடினேன். கதவைத் திறந்ததும் "மணி ஆயிடுச்சா?" என்றார்.

திரும்பும்போது நான் "மூணு" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

14 மார்ச், செவ்வாய்

ஆறு மணிக்கு அப்பா நாற்காலியில், பனியனோடு. தலை வாரவில்லை. கோப்பியை உறிஞ்சு குழல் போட்டுக் கொடுத்தேன்.

"இன்னிக்கு நீ போயிட்டு வாம்மா."

"சும்மா வாங்கப்பா. அங்க அவரு டாம் பலகைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"வந்து என்னத்த பண்ண?" என்றார், கோபமில்லாமல். "ரோடு காஞ்சு கெடக்கு. பெட்டியும் நல்லாருக்கு. பயமில்ல."

சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தனம் அக்காவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

இடப்பக்க இருக்கையில் திருத்திய நோட்டுக் கட்டுகளை வைத்தேன். எட்டு நிமிடம் முன்னதாகவே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.