குப்பையில் தேடிய கீபோர்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் கால் வீக்கம் வற்றியதா? அப்பா முரண்டு பிடிக்காமல் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்கிறாரா? நான் நலம்.

இங்கே ஒரு வேடிக்கை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு என்னை வரவிடாமல் தடுத்த சீனியரை ‘புதுசு’ என்றுதான் கூப்பிடுவோம்; எதற்கெடுத்தாலும் புதுசு வாங்கு என்பார். “பழைய சாமானுக்குக் காவல் நிக்கிறவனுக்கு லீவு எதுக்கு?” என்றவர், நான் பழைய பாகங்கள் வைத்திருந்த அலமாரியையும் காலி செய்து இரும்புக் கொட்டகையில் கொட்டினார்.

போன வாரம் அளவெடுக்கும் இயந்திரத்தின் கணினி செத்தது. அந்த இயந்திரம் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். அவர் வாங்கிவந்த புதுக் கணினியின் யுஎஸ்பி துளைகளை எக்ஸ்பிக்கு அடையாளமே தெரியவில்லை. கீபோர்டு வேலை செய்யாமல், எக்ஸ்பி ஏற்றுவது பாதியில் நின்றது. முதலாளி கத்தினார்.

“பின்னாடி உருண்டைத் துளை ஒண்ணு இருக்கு சார். அதுக்கேத்த என் பழைய கீபோர்டு கொட்டகையில கிடக்கு,” என்றேன்.

“போட்டவரே எடுத்துட்டு வரட்டும்!” என்றார் முதலாளி.

புதுசு வெள்ளைச் சட்டையோடு குப்பைக்குள் இறங்கினார்.

“இதுவாடா?”

“அதில்லண்ணே, இன்னும் உள்ள பாருங்க.”

சட்டை கறுத்த பிறகு கிடைத்தது. எக்ஸ்பி ஏறியது. முதலாளி எனக்கு விடுப்பும் கொடுத்துவிட்டார்.

எனக்கு இரண்டு பனியன் வாங்கி வை, ஒரு அளவு சின்னதாக. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும்: யுஎஸ்பி டிரைவர் சேர்த்த எக்ஸ்பி சிடி அன்று என் பையிலேயே இருந்தது. அதைப் போட்டிருந்தால் எந்தக் கீபோர்டும் ஓடியிருக்கும். அப்பாவிடம் சொல், சிரிக்கட்டும். நீ திட்டாதே, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

உன் மகன்