அம்மா அப்பளம் சுட்ட அடுப்பு

12-10-1967, வியாழன்

பழைய அடுப்புகளை வாங்கிச் சரிசெய்து விற்பதில் குமரன் என் கூட்டாளி. போன வாரம் துரை பங்களாவிலிருந்து கம்பி போட்ட இரும்பு அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். ரொட்டி வாட்டுவது என்றான். கம்பியில் அப்பியிருந்த பிசுக்கைக் கருகிய வெண்ணெய் என்று நம்பி, செங்கல் தூள் போட்டு நான்தான் தேய்த்தேன். கரி நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு எடுத்துப்போனோம். அம்மா அதில் அப்பளம் சுட்டாள்.

இன்று அதை வாங்க பிரியாணிக் கடை பாய் வந்தார்.

"கபாப் அடுப்பு புதுசாட்டம் ஆயிடுச்சே! ஜைனரு வூட்டுப் புள்ள, எப்டிப்பா இந்தக் கொழுப்பத் தேச்சே?"

எனக்குக் கை கூசியது. குமரன் சிரிக்கிறான்.

"சொல்லியிருந்தா நீ தொட்டிருப்பியாப்பா?"

அம்மா கிழங்குகூடத் தொடமாட்டாள். இருட்டிவிட்டால் பச்சைத் தண்ணீரோடு சரி. சாயங்காலம் கேட்கிறாள்: "அந்த அடுப்ப வித்துட்டியாப்பா? அப்பளம் நல்லா வந்துதே."

நான் தேய்த்தது போகட்டும். அன்று அம்மா எங்களுக்கே சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். "பொழுது போவுதும்மா, நீயும் ஒண்ணு சாப்டு" என்று அவள் தட்டில் எடுத்து வைத்தவன் குமரன்தான்.