இன்னும் மூணு மாசம்

அன்புள்ள சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் இங்க நல்லாத்தான் இருக்கோம், உன் உடம்பு எப்படி இருக்கோங்கிற நினைப்புதான் எந்நேரமும். உங்கண்ணன் கடையில கம்ப்யூட்டர் பில் போட ஆரம்பிச்சுட்டான், நான் இன்னும் கையால எழுதுறேன்னு கிண்டல் பண்றான், பண்ணட்டும்.

போன்ல நான் கத்தினது தப்பும்மா. ஆறு மாசம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டும் புற்றுநோய் குறைஞ்சிருக்கே தவிர முழுசாப் போகலைன்னு நீ சொன்னதும், கர்ப்பப்பையை எடுத்துத் தொலைக்கச் சொல்லுன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். நீ போனை வெச்சுட்டே. இருபத்திரண்டு வயசுப் பொண்ணுகிட்ட சொல்ற பேச்சா இதுன்னு உங்கம்மா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா.

நேத்து ஒரு அம்மா நம்ம மருந்துக்கடைக்கு வந்து, பொண்ணுக்கு ரத்தப்போக்கு இருபது நாளா நிக்கலை, மாத்திரை கொடுங்கன்னாங்க. கை தானா அலமாரிக்குப் போச்சு. எடுத்ததைத் திரும்ப வெச்சுட்டு, முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கன்னேன். வியாபாரம் பண்ணத் தெரியாத ஆளுன்னு திட்டிட்டுப் போனாங்க. அதே அலமாரியிலருந்துதான் உனக்கும் ரத்தப்போக்கை நிறுத்த மூணு வருஷம் எடுத்துக் கொடுத்தேன், நின்னுச்சு, மறுபடி வந்துச்சு, மறுபடியும் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரன் மகளுக்கு டாக்டர் எதுக்குன்னு ஒரு திமிர். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாச்சு பாரு. அன்னைக்குக் கத்தினது உன் மேல இருந்த கோபம் இல்லடா, என் மேல இருந்தது.

நீ அனுப்பின ரிப்போர்ட்டை நாலு தடவை படிச்சேன். கர்ப்பப்பையோட உள்பூச்சைத் தாண்டிப் பரவலைன்னு போட்டிருக்கு. இன்னும் மூணு மாசம் மாத்திரையைத் தொடர்ந்துட்டு, மறுபடி சதையைச் சுரண்டி எடுத்துப் பார்க்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க, நீயும் அதைத்தான் கேக்கறே. சரிம்மா, நான் குறுக்க நிக்கலை. உனக்குன்னு ஒரு குழந்தை வேணும்னு நீ ஆசைப்படறதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு? ஆனா பரவுதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டா அப்புறம் ஆபரேஷனை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அப்பா அம்மா மனசு ஒடிஞ்சு போவாங்களேன்னு எங்களுக்காக யோசிச்சுட்டு நிக்காதே.

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதே, எடை கூடும்னாங்களே, தினமும் கொஞ்ச தூரம் நட. சோதனைக்கு முந்தின நாளே நான் அங்க இருப்பேன், எதுக்குப்பான்னு கேக்காதே. நல்லா இருப்பே தாயி, நூறு வருஷம் நல்லா இருப்பே. உனக்குக் குழந்தை பிறந்தா சந்தோஷம்தான். பிறக்கலைன்னாலும் என் குழந்தை எனக்கு இருக்கணும்மா.

உன் அப்பா