சொல்லக்கூடாத அளவு

முல்லைத்தீவு
12.11.2024

அன்புள்ள தர்சினி,

நீயும் வீட்டாரும் சுகம்தானே? உங்கள் ஆய்வுக்கு வந்த தயாபரன் அளவுப் பெட்டியை அறைச் சுவரில் பூட்டிவிட்டுப் போனார். பெட்டியில் ஈரமும் தூசியும் பதிவாகுமாம். சுவரையும் கொஞ்சம் சுரண்டி எடுத்தார்.

வீட்டுத் திட்டத்தில் தந்த இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு மாரி. ஒவ்வொரு மாரிக்கும் கட்டில் உயரத்துக்கு ஈரம் ஊறிவிடும். துசியந்தன் இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும் பூஞ்சணம் கறுப்பாகத் திரும்ப வந்துவிட்டது. மகள் ஜெனிற்றாவின் கட்டில் அந்தச் சுவரோடுதான். விடியப்புறம் இருமுகிறாள்.

நாற்பது வீட்டில் இருபதை இப்போதே திருத்துகிறீர்களாம். சீட்டிழுப்பில் எங்கள் வீடு அடுத்த வருடத்துக்கு விழுந்துவிட்டது. அது பரவாயில்லை. ஃபோனில் கேட்க வெட்கம், அதனால் எழுதுகிறேன்: பெட்டி என்ன சொல்கிறது?

உன்
ரூபி

நெளுக்குளம், வவுனியா
01.12.2024

அன்பு ரூபி,

உன் எழுத்தைப் பார்த்ததும் விடுதிக் காலம் நினைவுக்கு வந்தது. ஆனால் இதை மட்டும் கேட்காதே. ஆய்வு முடியுமுன் எந்த வீட்டாருக்கும் அளவு சொல்லக்கூடாது என்பது விதி. தெரிந்தால் கட்டிலை மாற்றுவீர்கள், யன்னலைத் திறந்து வைப்பீர்கள். பிறகு ஈரத்தால் நோய் வருத்தம் வருகிறது என்று எப்படிக் காட்டுவது? இதைக் காட்டிவிட்டால் வன்னியில் எத்தனை வீடுகளைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்!

கவலைப்படாதே. எல்லா வீடும் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். அளவு சரியோ என்று எழுது.

அன்புடன்
தர்சினி

முல்லைத்தீவு
19.01.2025

தர்சினி,

சட்டை கிடைத்தது. அளவு சரி.

நீ கவலைப்படாதே என்று எழுதியதால் கட்டிலை அங்கேயே விட்டிருந்தேன். ஒன்பதாம் திகதி காலை ஜெனிற்றா எழும்பி உட்கார்ந்து, “அம்மா, மூச்சு வருகுதில்லை” என்றாள். உதடு நீலமாகிவிட்டது. மழைக்குள் மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொய்வாம், ஆஸ்துமா. ஐந்து நாள் வாட்டில் இருந்தோம்.

“வீட்டில ஈரச் சுவர் இருக்கோ?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டோ பிள்ளையை அதில படுக்க வைச்சனீங்கள்?”

உனக்குத் தெரிந்திருந்ததா? அதை மட்டும் எழுது.

ரூபி

நெளுக்குளம்
02.02.2025

ரூபி,

தெரியும். நாற்பது வீட்டிலும் உன் அறைதான் மோசம். சுவரில் சுரண்டிய பூஞ்சணமும் கூடாத வகை. உன் முதல் கடிதம் வந்த கிழமையே முடிவைப் பார்த்தேன். ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் போனேன். “ஒரு வீட்டுக்குச் சொன்னா, பிந்தித் திருத்திற இருபது வீட்டுக்கும் சொல்லவேணும். பிறகு ஆய்வு எங்க?” என்றார். திரும்பி வந்து உனக்கு எழுதினேன்.

அளவைச் சொல்லாதது விதி. கவலைப்படாதே என்று எழுதச் சொல்லி எந்த விதியும் இல்லை. நீ திரும்பத் திரும்பக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நானாக எழுதிய பொய் அது.

பிள்ளையை அந்த அறையில் விடாதே. வந்து பார்க்கட்டுமா?

தர்சினி

முல்லைத்தீவு
16.02.2025

சிவதர்சினிக்கு,

மாமியின் ஓலை வீட்டுக்கு வந்துவிட்டோம். காற்று நாலு பக்கமும் அடிக்கிறது. ஜெனிற்றா இருமாமல் நித்திரை கொள்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று நாள் எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். பிறகு பின்வீட்டுக் கஜனிக்கு வாசித்தேன். அவள் வீடும் பிந்தித் திருத்தும் இருபதில் ஒன்று. மடியில் நான்கு மாதக் குழந்தை. “அப்ப என்ர வீட்டு அளவு என்னவாம்?” என்றாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

இன்று பூசை முடிய கோயில் முற்றத்தில் பதினொரு வீட்டார் கூடினோம். வருகிற வெள்ளி எல்லாரும் பஸ் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். உன் பெயரைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். “கடிதத்தை வாசிச்சுக் காட்டிப்போட்டு பேரை எங்க ஒளிக்கிறது?” என்று துசியந்தன் கேட்டார். ஆகவே சொல்வேன். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு லீவு எடுக்காதே. கஜனிக்கு அவள் வீட்டு அளவை உன் வாயால் சொல்.

எங்கள் வீட்டுக்கு இப்போது வரவேண்டாம்.

இப்படிக்கு
ஜெயரூபினி துசியந்தன்